நம் கொல்லையில் வந்த தண்ணீர்

அன்புள்ள ஆண்ட்ரூ,

உன் அப்பா பக்கத்திலேயே இருப்பதால் போனில் பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

கீரப்பாளையத்தில் நம் மேட்டுக் கொல்லையில் எங்கள் கம்பெனியின் துளையிடும் ரிக் பத்து நாள் ஓடியது. அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்கும் துளை. ஆய்வு என்று சொல்லித்தான் மாமாவிடம் அனுமதி வாங்கினேன். அவரோ மருமகள் தண்ணீருக்குப் போர் போட்டுத் தருகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை.

முதல் நாள் ரிக் மீது கோயில் தீர்த்தம் தெளித்தார். ஆட்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

நேற்று கரி வந்தது. பதினோரு மீட்டர் கனம். அதைத் தாண்டியதும் தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. மாமா இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

“இனிக்குதும்மா! மோட்டாரே வேணாம் போலருக்கு.”

மாலையில் துளையைச் சிமென்ட் ஊற்றி அடைத்தோம். ஆய்வுத் துளைக்கு அதுதான் விதி.

“வந்த தண்ணிய ஏம்மா அடைக்கிறாங்க?”

“தொறந்து விட்டா வீணாப் போயிடும் மாமா.”

“அப்ப எப்ப தொறப்பீங்க?”



கரியின் அளவை எழுதிக் கையெழுத்திட்டு, இன்று கம்பெனியின் செம்மண்டலம் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். சுரங்கம் வந்தால் கொல்லை போகும். வீடும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் உனக்குப் போன் செய்து, தண்ணீர் கிடைத்துவிட்டது என்பார். சேர்ந்து சந்தோஷப்பட்டுவிடாதே. சனிக்கிழமைக்குள் அவரிடம் உண்மையை நானே சொல்லப் பார்க்கிறேன்.

ஞாயிறு அவர் போன் வராவிட்டால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மருமகள்