லாரியில் ஏறாத பசுக்கள்

அயாகூச்சோ,
மே மாதம், புதன்கிழமை.

அன்பு மகன் ஒராசியோவுக்கு,

நீ அனுப்பிய லாரி நேற்று பாதி காலியாகத் திரும்பியது. டிரைவர் உனக்குப் போன் செய்து என்னைப் பற்றிச் சொல்லியிருப்பான். அவன் சொன்னது அநேகமாக உண்மைதான். இருந்தாலும் நானே முறையாக எழுதிவிடுகிறேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவளுக்கு வாக்கியத்தை முடித்துத்தான் பழக்கம்.

பத்து வயது தாண்டிய பசுக்களை எல்லாம் கழித்துவிட வேண்டும் என்று புவெனஸ் அயர்ஸில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்துவிட்டாய். உன் அப்பா இருந்தவரை இங்கே யாரும் வயதைக் கேட்டதில்லை. குளிர் தொடங்குமுன் சினை பார்ப்போம். சினை இல்லாததன் வால் முடியை அடையாளத்துக்குக் கத்தரிப்போம், அது அடிமாடாகப் போகும். சினை இருந்து பல் தேய்ந்திருந்தால் நல்ல புல்லில் தனியே விடுவோம். கடைசிக் கன்றை வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். பல்லும் சினையும் இருக்கிற பசு எந்த வருடம் பிறந்தால் என்ன?

நேற்று மாட்டு டாக்டர் லுக்ரேசியா சினை பார்த்தாள். நம் பண்ணையாள் பாசிலியோ ஒவ்வொன்றின் வாயையும் திறந்து காட்டினான். டிரைவரோ காதுப் பட்டையில் இருக்கும் பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து, இது ஏறட்டும், அது ஏறட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். குளிராக இருக்கிறது, உள்ளே போய்ச் சூடாக மாத்தே குடியுங்கள் என்று என்னிடம் சொன்னான். பாட்டியம்மா என்று வேறு கூப்பிட்டான். பாசிலியோ திரும்பிக்கூடப் பார்க்காமல், “பாத்து தம்பி. அம்மாவுக்குப் பல்லெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு” என்றான்.

டிரைவர் விடவில்லை. “உங்க பையன் வயசப் பாத்து ஏத்தச் சொல்லியிருக்காரு. நான் என்ன பண்ண?”

“வயசப் பாத்துதான் ஏத்தணும்னா முதல்ல நான்தான் ஏறணும். பலகைய எறக்கு, ஏறிக்கிறேன்” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் காதுப் பட்டை பக்கமே போகவில்லை.

பாசத்தில் செய்கிறேன் என்று நினைக்காதே. கொண்டெசாவை உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா கடைசியாகக் கைபோட்டு இழுத்துப் பிறந்த கன்று. வயது ஆறுதான், உன் கணக்கில் தப்பித்திருப்பாள். லுக்ரேசியா கையை வெளியே எடுத்துத் தலையை ஆட்டினாள். “இன்னொரு வருஷம் விட்டுப் பாப்போமேம்மா” என்றான் பாசிலியோ. கத்தரியை வாங்கி கொண்டெசாவின் வால் முடியை நானே வெட்டினேன். லாரி வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்தேன். உன் கிழட்டுப் பசுக்களோ வயிற்றில் கன்றோடு ஓடைக்கரையில் மேய்கின்றன.

மாடுகளைப் பற்றி எழுதிய அதே செய்தியில், அடுத்த வரியிலேயே, உன் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அடுக்ககம் பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். லிஃப்ட் இருக்கிறது, நாள் முழுதும் வெந்நீர் வரும் என்றாய். நல்லது. வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு வரியாவது இடம் விட்டிருக்கலாம்.

ஆகஸ்டில் கன்று போடத் தொடங்கும். பாசிலியோவுக்குத் தோள் வலி. இழுக்க இன்னொரு கை வேண்டும். உன் அப்பாவின் ரப்பர் பூட்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன், உன் அளவுதான். லாரி அனுப்பாதே மகனே. நீ வா.

தேவமாதா உன்னையும் பிள்ளைகளையும் காப்பாளாக.

உன் அம்மா,
எர்னெஸ்தினா