சந்தனம் வைத்த செட்டு

கஜா பெராங், மலாக்கா
18-10-1957

அன்புள்ள அத்தானுக்கு, கமலவேணி எழுதிக்கொண்டது. நானும் குழந்தை விஜயாவும் சுகம். சிங்கப்பூர்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீங்கள் பதிலுக்கு மைக் செட்டின் எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

இந்த ஆம்பிளிஃபையர் செட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. சுதந்திர தினத்தன்று பாடிக்கொண்டிருக்கும்போதே புகைந்ததை, அப்துல் கய்யூம் பாய் தம் ரேடியோ கடையில் ரிப்பேர் செய்து கொடுத்தார். கடையில் மைக்கில் பேசினால் குரல் கணீரென்று கேட்கிறது. வீட்டில் வைத்துப் பேசினால் ஒரே உறுமல், கரகரப்பு. திரும்பக் கடைக்குத் தூக்கிப் போனால் மறுபடி கணீர்! நீங்கள் எழுதியபடி வால்வை மாற்றினேன், மைக் கம்பியை மாற்றினேன். வீட்டுக் கரண்டில் கோளாறோ என்று பக்கத்து வீட்டிலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் உறுமல்தான். செட்டுக்கு என் மேல் என்ன கோபமோ! தீபாவளிக்குக் கோயிலில் வாடகைக்கு நம் செட்டுதான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தவறினால் பக்கத்து ஊர் செமாபோக்கில் புதுச் செட்டு வாங்கி வைத்திருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நேற்று பாயே செட்டைக் கொண்டுவந்தார். மேசையில் வைத்ததும் நான் வழக்கம்போலச் சந்தனம் குழைத்து முன்பக்கம் அப்பி, குங்குமம் இட்டேன். பழுது நீங்கி வீட்டுக்குள் வரும் எதற்கும் நீங்கள் செய்வதுதானே. பாய் பதறிப்போய், என்ன தங்கச்சி, மைக்கு சொருகுற ஓட்டையிலயா பூசுறீங்க, ஈரம் உள்ள எறங்கினா உறுமாம என்ன செய்யும் என்றார். கடையில் ஒவ்வொரு முறையும் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டுத்தான் போட்டாராம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துடைத்துக் காயவைத்தார். உறுமல் போயே போய்விட்டது.

நான் சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன். துறைமுக வேலைக்கென்று போனவரிடமிருந்து கடிதமே இல்லாமல் இருந்தது. செட்டு கெட்ட பிறகுதான் வாரம் தவறாமல் வருகிறது. வால்வு, கம்பி, ஃபியூஸ் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். விஜயாவின் பெயர்கூட அதில் இருப்பதில்லை. இருந்தாலும் தபால்காரர் மணியடித்தால் ஓடிப்போய் வாங்குகிறேன். செட்டு இன்னும் உறுமுகிறது என்று பொய் எழுதிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். மனம் வரவில்லை.

அத்தான், செட்டில் இனி ஒரு குறையும் இல்லை. கேட்டு எழுத உங்களுக்கு ஒன்றும் இருக்காது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். விஜயாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதைப் பற்றியாவது கேட்டு எழுதுங்கள்.

முருகன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
கமலவேணி