மூன்று புள்ளிப் புல்

பைசாந்து, மார்ச் 11

அன்புள்ள நோயெலியா,

போன் பண்ணினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நம் ‘கடைசி விளக்கு’ கணினி விளையாட்டு வெளிவந்து ஒன்பது நாளாகிறது. பதினான்கு விமர்சனம் வந்துவிட்டது. படிக்காதே என்று நீ சொன்னாய். கேட்கிற ஆளா நான்?

உன் படங்களை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளை வைத்தே மழையில் நம்மை நனைத்துவிட்டாள் என்கிறார் ஒருவர். அடுத்த பத்தியில் என்னைக் கிழிக்கிறார்கள். கொர்தோபாக்காரர் ஒருவர் நம் ஆட்டத்தை ஆடிக்கொண்டே பேசுகிற வீடியோவைப் பார்த்தேன். நம் நாயகி விளக்குக்காரி பாறை விளிம்பிலிருந்து விழ விழச் சிரிக்கிறார். “படம் பிரமாதம்ப்பா. ஆனா ஆட்டத்த எழுதினவனுக்குத் தாவுறதுன்னா என்னன்னே தெரியல. தரை இருக்குன்னு கால வச்சா, அங்க தரையே இல்ல.” பத்துக்கு நாலு.

நாலு வருஷம், நோயெலியா. வங்கி வேலையை விட்டுவிட்டு அந்தத் தாவலைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியிடுவதற்கு முந்தைய நாள் ஒரு தடவைகூட விழாமல் கடைசிவரை ஆடினேன். எங்கே தப்புப் பண்ணினேன்?

உன் யமா

*

மொந்தெவிதியோ, மார்ச் 15

என் செல்ல யமா,

அந்தக் கொர்தோபாக்காரனுக்கு விரல் தடித்திருக்கும், விடு. சரியாகச் சாப்பிடாமல் வெறும் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், தெரியும். அம்மாவிடம் சொல்லி ஏதாவது பொரிக்கச் சொல்.

ஒரு செய்தி. விமர்சனங்களில் படங்களைப் பார்த்துவிட்டு புவனஸ் அயர்ஸில் ஒரு நிறுவனம் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறது. போகட்டுமா? நீ வேண்டாமென்றால் போகவில்லை.

உன்மேல் தப்பு எதுவும் இருக்காது. இனி அதைத் தோண்டாதே.

நோயெலியா

*

பைசாந்து, மார்ச் 29

அன்புள்ள நோயெலியா,

கட்டாயம் போ. இதற்கெல்லாம் என்னைக் கேட்பாயா, கிறுக்கி?

நேற்று அம்மா நம் ஆட்டத்தை ஆடிப் பார்த்தாள். முதல் பாறையிலேயே விழுந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏண்டா, நான் புல்லு மேலதானே நின்னேன்? அப்புறம் எப்படி விழுந்தேன்?” உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

மாமாவின் செல்போன் பழுதுக்கடையில் சேர்ந்துவிட்டேன். அடுத்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் பேசாதே. ஒரு வரி நிரல் எழுத உட்கார்ந்தாலும் கணினியை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

யமா

*

புவனஸ் அயர்ஸ், மே 20

யமா,

இதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

கண்ணுக்குத் தெரிகிற தரையை வரைவது நான். காலைத் தாங்குகிற தரையை நிரலில் எழுதுவது நீ. எதை மாற்றினாலும் சொல்லிவிட்டுத்தான் மாற்றவேண்டும் என்பது நம் ஏற்பாடு. வெளியிடுவதற்கு இரண்டு நாள் முன்பு பாறை விளிம்புகள் மொட்டையாக இருப்பதுபோல் பட்டது. எல்லாவற்றிலும் மூன்று புள்ளி நீளத்துக்குப் புல்லைத் தொங்கவிட்டேன். அழகாக இருந்தது. உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். அடியில் உன் தரை இல்லாத அந்தப் புல்லில்தான் எல்லோரும் காலை வைத்தார்கள். உன் கைதான் பழைய தரைக்குப் பழகியிருந்ததே, அதனால் நீ விழவில்லை.

முதல் விமர்சனத்தைப் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் இந்த வேலை வந்தது. பயந்துவிட்டேன். உன்னைத் திட்டியதையெல்லாம் படித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். என்னைத் திட்டு யமா. ஊருக்கெல்லாம் சொல்லு. ஆனால் பதில் மட்டும் போடாமல் இருந்துவிடாதே.

நோயெலியா

*

பைசாந்து, ஜூன் 2

நோயெலியா,

மார்ச் இருபதாம் தேதியே எனக்குத் தெரியும். படக் கோப்பைத் திறந்தேன். மாற்றியவர் பெயரும் தேதியும் அதிலேயே இருந்தன. அதற்குள் ஆட்டம் செத்துவிட்டது, போட்ட மதிப்பெண்ணை யாரும் திருத்தப் போவதில்லை. அதனால் அவசரமில்லை என்று உனக்காகக் காத்திருந்தேன். அம்மா சொன்னதை அதற்காகத்தான் எழுதினேன். கடிதம் வராத ஒவ்வொரு நாளும், இன்று நீ சொல்வாய் என்று நினைத்தேன்.

பத்துக்கு நாலு ஆறிவிடும். நான் ‘எங்கே தப்புப் பண்ணினேன்’ என்று கேட்டபோது, சரியாகச் சாப்பிடு என்று எழுதினாயே, அது ஆறவில்லை.

நேற்று சரிசெய்துவிட்டேன். அரை மணி நேர வேலை. உன் புல்லை எடுக்கவில்லை, அழகாகத்தான் இருக்கிறது. என் தரையை மூன்று புள்ளி நீட்டினேன். இனி யாரும் விழமாட்டார்கள். ஆடத்தான் ஆளில்லை.

ஆட்டத்தோடு வெளியிடும் திருத்தக் குறிப்பில், தவறு என்னுடையது என்று போட்டிருக்கிறேன். உன் வேலைக்கு ஒன்றும் வராது.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

யமாண்டு பெரெய்ரா