வத்தகப்பழத்தில் மக்கா

ஜனவரி 10, சனி

காலையிலேயே வெயில். தக்காளிக்குத் தண்ணீர், இவருக்குப் பிரஷர் குளிசை. பிறகு நோபல் பார்க் ஹோல். தொழுகைக்கு வாடகைக்கு எடுத்த பழைய கிடங்கு. பெருக்கித் துடைத்தாயிற்று. புதன் பத்து மணிக்குக் கார்ப்பெட் ஒட்டுபவர். வரிசைக் கோடு போட்ட கார்ப்பெட், பசை காய்ந்தால் பெயர்க்க முடியாது.

சுவரில் ஹனீபா நானாவின் போஸ்டர். கமிட்டித் தலைவர், திறப்பு விழாப் பேச்சும் அவர்தான். 'உலகுக்கு நாம் தந்தவை': அல்ஜீப்ரா, ஆஸ்பத்திரி, கண்ணின் வெண்படலத்தை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்த வைத்தியர்கள். பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

பிறகு தரையைப் பார்த்தேன். கிப்லாவுக்கு, தொழும்போது நோக்கும் மக்காத் திசைக்கு, சோக்குக் கோடு. நன்றாக வடமேற்கே சரிந்து.

"ஊரிலயும் மேற்கு, கொஞ்சம் வடக்கு. அதைவிடத் தெற்கே வந்திட்டம். அப்ப இன்னும் வடக்கே திரும்பத்தானே வேணும்?" ஹ. நானா. கையில் உலகப் படம், மெல்பனிலிருந்து மக்காவுக்கு அடிமட்டத்தால் கோடு.

கேட்க எவ்வளவு நியாயம். ஆனால் பிழை. கிட்டத்தட்ட நேர் மேற்கு என்றேன். எல்லோரும் போனில் திசைகாட்டியைத் திறந்தார்கள். இரும்புக் கூரைக்குக் கீழே ஐந்து போன், ஐந்து திசை. கேட்கலாம் என்றால் மௌலவி உம்ராவுக்கு மக்கா போயிருக்கிறார்.

கோடு சரிந்ததில் வரிசைகள் மூலைவெட்டாகி, பெண்களுக்கு மிஞ்சியது சப்பாத்து றாக்கைக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம்.

ஜனவரி 11, ஞாயிறு

சூடு. வாங்கியவை: பால், கராம்பு, பெரிய உருண்டை வத்தகப்பழம்.

பின்னேரம் ஹ. நானா தேத்தண்ணிக்கு. இவரும் அவரும் பழைய கூட்டாளிகள். மேசையில் பழத்தை வைத்தேன். காம்பு வடதுருவம். பச்சைக் கோடுகள் மேலிருந்து கீழே, தீர்க்கரேகை மாதிரி. ஒரு கராம்பு மெல்பன். கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி, மேலே, இன்னொன்று மக்கா. நடுவே நூல் இறுக்கி இழுத்தேன். அதுதான் ஆகக் குறுகிய வழி. மெல்பனில் நூல் பச்சைக் கோட்டைக் கிட்டத்தட்டக் குறுக்காக வெட்டிப் போகிறது. மேற்கு. ஒரு சொட்டு வடக்கு.

"பழம் உருண்டை டீச்சர்."

"பூமியும் அப்படித்தான் நானா."

இவர் தேத்தண்ணி புரையேறச் சிரித்தார். அது பிழையாகப் போய்விட்டது. ஹ. நானா எழும்பினார்.

"பொம்பிளைகளுக்கு இடம் காணாது எண்டு மக்காவையே நகர்த்துறீங்க."

உறுத்துகிறது. இடம் வேண்டும் என்பது உண்மை. நூல் சொன்னதும் உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. ஆனால் முக்கோணத்தில் நிற்கப் போகிறவள் சொன்னால் யார் நம்புவார்?

ஜனவரி 12, திங்கள்

காற்று. குசினிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

பழைய கொப்பிகள், சைன், கொசைன். மூன்று தரம் போட்டேன். மேற்கிலிருந்து வடக்கே ஒன்பது பாகைக்குக் கிட்ட. அல்-பிரூனி இதை ஆயிரம் வருடத்துக்கு முன் தான் இருந்த கஸ்னா நகரிலிருந்து போட்டவர். கல்குலேட்டர் இல்லை, சற்றலைட் இல்லை. ஊர்களின் இடத்தைக் கணக்கிட ஒரு முழுப் புத்தகம் எழுதினார். உருண்டையின் மேல் முக்கோணம் வரைந்து கணக்குப் போட்டதால்தான் திசை கிடைத்தது. போஸ்டரில் அவர் இல்லை.

ஆனால் கணக்கைக் காட்டி ஆரையும் மாற்ற முடியாது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவளுக்கு இது தெரியும். கண்ணால் பார்க்க வேண்டும்.

அவருக்குப் பின் வந்த வானியல் அறிஞர் நஸீருத்தீன் தூஸி ஒரு வழி சொல்லியிருக்கிறார். சூரியன் மக்காவுக்கு உச்சியில் நிற்கும் நாளில், அந்த நேரம், எந்த ஊரிலும் சூரியன் நிற்கும் பக்கமே கிப்லா. எங்களுக்கு அந்த நேரம் இரவு. அப்போ தலைகீழாகப் போடு. சூரியன் மக்காவுக்கு நேர் அடியில், பூமியின் மறுபக்கம் நிற்கும்போது இங்கே காலை. நிழல் விழும் பக்கம் மக்கா. நாள் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். ஜனவரி 14. எட்டரைக்கு ஒரு நிமிடம் முன்.

புதன். கார்ப்பெட் வரும் அதே காலை. கதிரையை விட்டு எழும்ப மறந்து அப்படியே இருந்தேன்.

ஹ. நானாவுக்குப் போன். புதன் எட்டரைக்கு நிழல் பார்ப்போம், எங்கட அறிஞர் போட்ட பழைய கணக்கு என்றேன். அவர்: "வெயில் இல்லாட்டி?"

"வெயில் இல்லாட்டி உங்கட கோடு. நான் வாய் திறக்கமாட்டன்."

"நூல் நான் கொண்டு வாறன். உங்கட நூல் வேண்டாம்."

ஜனவரி 13, செவ்வாய்

மழை. முழு நாளும். நஸீரா, ஆஸ்பத்திரித் தாதி, வேலையிலிருந்து போன்: "டீச்சர், நாளைக்கும் மழையாமே?" காலையில் விலகும் என்று ஒரு ஆப், விலகாது என்று இன்னொன்று. இவர் பத்துத் தரம் வானத்தை அண்ணாந்து பார்த்தார். முதலில் சிரித்ததற்குப் பரிகாரமாக இருக்கும்.

பழம் இன்னும் மேசையில். வெட்ட மனமில்லை.

ஜனவரி 14, புதன்

ஏழுக்கு மேகம். எட்டுக்கும் மேகம். ஹோலில் பதினைந்து பேர். ஹ. நானா மீன் பிடிக்கும் தங்கூசி நூலும் ஈயக் குண்டும் கொண்டு வந்திருந்தார். கிழக்கு வாசலின் இரும்பு ஷட்டரைத் தூக்கி, நிலையின் நடுவில் தானே கட்டினார். குண்டு ஆடி ஆடி நின்றது. தரையில் நிழல் இல்லை.

எட்டு இருபதுக்கு மேகம் மெலிந்தது. முதலில் குண்டின் நிழல், மங்கலாக. பிறகு நூலின் நிழல், மயிர் போல, வாசலிலிருந்து ஹோலுக்குள்ளே.

"ஒருத்தரும் நடக்காதீங்க," ஹ. நானா. முழங்கால் மடக்கச் சிரமப்படும் மனுஷன் தரையில் குந்தி, போனில் நேரம் பார்த்தபடி. நேரம் வந்ததும் நிழலின் மேல் சோக்கை இழுத்தார். நான் தொடவில்லை. கிட்டப் போகவும் இல்லை.

மேற்குச் சுவரைப் பார்த்தபடி புதுக் கோடு. வலப்பக்கம் ஒரு சொட்டுச் சாய்வு. பழைய கோடு அதை விட்டு எங்கேயோ போகிறது. ஹ. நானா இரண்டையும் கனநேரம் பார்த்தார். பிறகு தன் கோட்டைச் சப்பாத்தால் தேய்த்தார்.

"டீச்சர், அந்த ஆளின்ட பேர் என்ன?"

"எந்த ஆள்?"

"கணக்குப் போட்ட ஆள். போஸ்டரில எழுதவேணும்."

"ரெண்டு பேர் நானா."

"ரெண்டையும் சொல்லுங்க."

பத்து மணிக்குக் கார்ப்பெட்காரர். "எந்தப் பக்கம், மேட்?" பதினைந்து கைகளும் ஒரே பக்கம் நீண்டன.

மூலை வெட்டு இல்லாததால் வரிசை கூடியது. பெண்களுக்கு மூன்று. ஹ. நானா தானே எண்ணி வந்து சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்: "மக்கா நகரேல்ல டீச்சர். நாங்கதான் நகர்ந்தம்."

அஸர், பின்னேரத் தொழுகை, அங்கேயே. பசை மணம். மூன்று வரிசை, சுவரிலிருந்து சுவர் வரை. நஸீரா யூனிஃபோமோடு ஓடி வந்து எனக்குப் பக்கத்தில். நான் முதல் வரிசையில்.