வெள்ளைப்பூ வந்தது

வசந்தாமணிக் கண்ணு,

களி சட்டியில் இருக்குது, மோர் ஊத்திச் சாப்பிடு. சாவி ஆட்டுப்பட்டி ஆணியில்.

நேத்து நீ, "டாக்டர்கிட்டச் சீட்டுக் குடுக்கற வேலைக்கே போறனுங்க அத்தை"ன்னு சொன்னே. "கண்டவனும் வர்ற எடம் அது. பால்வாடி உதவி வேலைதான் மரியாதை"ன்னு கத்தினேன்.

"அங்க பூரா எம் மக கோகிலா வயசுப் புள்ளைங்க. அவ செத்த பொறகு அதுகளுக்கு நான் எப்படிங்க சோறு ஊட்டுவேன்?"னு கேட்டே.

நேராக் கோயிலுக்குப் போனேன். செவப்புப்பூ வந்தால் டாக்டர், வெள்ளை வந்தால் பால்வாடின்னு அம்மன் முன்னால ரெண்டு பூவையும் பொட்டலமாக் கட்டிப் போட்டு, ஒண்ணை எடுத்துக் கேட்டேன். வெள்ளைதான் வந்துச்சு.

ஆனாலும் நீ டாக்டர்கிட்டயே போ சாமி. அம்மன்கிட்ட நான் சொல்லிட்டு வாரேன்.

அத்தை

நான் பூக் கேட்டதைப் பாத்த பால்வாடி டீச்சர் உன்னைக் கூப்பிட வருவா. "பூவை மீறலாமா"ன்னு கேட்டால், "எங்கத்தை மீறினதுங்க"ன்னு சொல்லிரு. குத்தம் என்னைச் சேரட்டும்.