டீ குடித்து வந்தால் ஓடும் சர்வர்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். சங்ககிரி பஸ்ஸில் நின்றபடியே. லாரி ஆபீஸின் பின்னறையில் முதலாளி மகன் நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனி; அங்கேதான் நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். சனிக்கிழமை முதல் அங்கே இன்டர்நெட் கிடையாது, வாடிக்கையாளர் உத்தரவு. புரோகிராம் எழுதும் எடிட்டருக்கு வேண்டிய எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கூடுதல் கருவிகள், எல்லாம் இனி எங்கள் சொந்த சர்வரிலிருந்தே வர வேண்டும். “நான் செய்றேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்குள் முடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால், எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த வேலையும் போச்சு.

சர்வராக ஒரு பழைய கம்ப்யூட்டர். தூசி. தேதி, மணி எல்லாம் தப்பு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நானே வைத்தேன்.

வாங்க: துவரம்பருப்பு, வயர் கட்ட டேக்.

மார்ச் 10, செவ்வாய்

மற்ற கம்ப்யூட்டர்கள் சர்வரை நம்புவதற்கு ஒரு சான்றிதழ் உருவாக்கினேன். ‘செல்லாது’ என்கின்றன. அழித்து மறுபடி. செல்லாது. கடுப்பில் டீக்குப் போனேன். திரும்பி வந்தால் ஓடுகிறது! அறையில் இருந்தது பக்கத்து மேசைக் கோமதி மட்டும். எனக்கு நான்கு வருடம் முன்பே இங்கே சேர்ந்தவள்.

“ஏதாவது தொட்டியா?”

“இல்லீங்க்கா. நா எதுக்குத் தொடப்போறேன்?”

மார்ச் 11, புதன்

முதலாளி மகன் சர்வரின் பெயரை மாற்றச் சொன்னார். பெயர் மாறினால் சான்றிதழும் புதிது. மறுபடி செல்லாது. டீ. வந்தால் ஓடுகிறது. கோமதி தலை நிமிரவே இல்லை. இந்த வேலையை அவளும் கேட்டாளாம். அதனால்தான் நான் இருக்கும்போது கெடுத்துவிட்டு, போனதும் சரிசெய்கிறாளா? முதலாளி மகனிடம் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன். சொன்னதும் வாய் கசந்தது.

பருப்பு மறந்தாயிற்று.

மார்ச் 12, வியாழன்

கோமதியை முன்னறை புக்கிங் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். டிபன் பையை எடுத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு சான்றிதழ். செல்லாது. அறையில் யாரும் இல்லை. டீ. வந்தால் ஓடுகிறது. அப்படியானால் கோமதி? ஒன்றும் புரியவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

டிரைவர் ஒருவர் எங்கள் கதவு வழியே சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். “பத்தேகால் ஆயிருச்சுங்க, பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள வண்டிய எடுத்தர்றேன்.” என் கம்ப்யூட்டரில் மணி பத்து. சர்வரில் பத்தேகால். சுவர்க் கடிகாரத்தைப் போலவே சர்வரும் கால் மணி முந்தி ஓடுகிறது. அது இப்போது கொடுக்கும் சான்றிதழ் ‘பத்தேகால் முதல்’ என்றிருக்கும்; மற்ற கம்ப்யூட்டர்களில் பத்தேகால் ஆகும்வரை, கால் மணி நேரம், செல்லாது. நான் டீ குடிக்கும் நேரம்.

முன்னறைக்குப் போய்க் கோமதியிடம் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அந்தக் கடிகாரம் எப்பவுமே அப்படித்தானுங்க்கா. ராகு காலத்துக்கு முன்னாலயே லாரி கெளம்பட்டும்னு பெரிய மொதலாளி வெச்சது. ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரியும்.” புக்கிங் நோட்டை மூடினாள். “தொட்டியான்னு கேட்டீங்க. இதக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே.”

சர்வரின் மணியைச் சரியாக வைத்தேன். மதியம் முதலாளி மகன் கூப்பிட்டார். “சர்வர் ஓடுதுங்களா? கோமதிய மாத்துனது நல்லதாப் போச்சு, பாத்தீங்களா?”

“இல்லீங்க சார்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நிரந்தரம் பற்றித் திங்கள் பேசலாம் என்றுவிட்டார்.

ஐந்து மணிக்குப் பக்கத்து மேசையில் மறுபடி கோமதியின் டிபன் பை. திரும்பி வந்தும் என் பக்கம் பார்க்கவில்லை.