கருவாட்டுக் குழம்புக்கு ஒரு மேசை

அன்புள்ள அக்காவுக்கு,

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதி உன் பையில் வைக்கிறேன்.

இன்று உன் பல்கலைக்கழக உணவு விழாவில் எல்லா ஊர் மாணவர்களும் தங்கள் வீட்டுச் சமையலை வைத்திருந்தார்கள். உன் மேசையில் மட்டும் தி.நகரில் வாங்கிய லட்டு. அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பை நீட்டினேன். "இத்த இன்னாத்துக்குடி எட்த்துக்கினு வந்த? மானம் போவுது, போ!" என்றாய்.

வாசலில் உன் நாகாலாந்துத் தோழி என்னை நிறுத்தினாள். "எங்க ஊர்லயும் கருவாடுதான். எங்க வீட்டு வாசனை!" என்று சிரித்து, நின்றபடியே தின்று தீர்த்தாள். அவள் அவ்வளவு தூரம் வந்தது லட்டு தின்னவா?

கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடிசையை இடித்து, நம்மை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் துரத்தினார்கள். எல்லா ஊருக்கும் இடமிருந்த அந்த மண்டபத்திலிருந்து நீயே நம்மைத் துரத்தலாமா?

நாளையும் விழா உண்டு. பெரிய குண்டானோடு வருவேன். யார் வீட்டுக் குழம்பு என்று கேட்டால், உன்னைக் கைகாட்டுவேன்.

எட்டாவதோடு நின்ற உன் தங்கை